நாலு விரல் காலர்

அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுத்தண்ணன் என்றால்தான் தெரியும். ஊழியர் பட்டியலில் மட்டும் 'சவரத் தொழிலாளர், விபத்துப் பிரிவு' என்று போட்டிருந்தது. அந்தப் பட்டியலை யார் படிக்கிறார்கள்?

விபத்துப் பிரிவில் சவரத்துக்கு என்ன வேலை என்று புதிதாக வரும் டாக்டர்கள் கேட்பார்கள். ஒரு வாரம் போனால் கேட்க மாட்டார்கள். மாடியிலிருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர், கழுத்தெலும்பு உடைந்தவர், உடைந்திருக்குமோ என்று சந்தேகப்படுபவர் எல்லோருக்கும் அங்கே காலர் உண்டு. முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, கெட்டி பிளாஸ்டிக். உள்ளே மெத்தென்று உள்பஞ்சு. இரண்டு பக்கமும் வெல்க்ரோ பட்டி. கழுத்து அசைந்தால் கை கால் போய்விடும். அசையாமல் காக்க வந்ததுதான் காலர். ஆனால் காக்க வந்ததே கடிக்கவும் செய்யும். வேர்வை உள்ளே இறங்கி உள்பஞ்சு ஊறும். தாடி முளைத்து உராயும். முடிக்கு அடியில் தோல் சிவந்தால் கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது புண்ணாகியிருக்கும்.

அதனால் மூன்று நாளுக்கு ஒரு முறை கழுத்தண்ணன் தன் பெட்டியோடு வருவார். இருபத்தாறு வருடம் அப்படி வந்தார்.

அவர் தனியாக யார் கழுத்தையும் தொட்டதில்லை. தலை பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வார்டு உதவியாளர், பட்டப்பெயர் பாறை. கட்டிலின் தலைமாட்டில் நின்று, இரண்டு முழங்கையையும் மெத்தையில் ஊன்றி, இரு உள்ளங்கையிலும் நோயாளியின் தலையை ஏந்திக்கொண்டு, "பிடிச்சாச்சு" என்பார். அந்தச் சொல் வரும்வரை கழுத்தண்ணன் வெல்க்ரோவைத் தொட மாட்டார். காலர் மறுபடி மூடும்வரை பாறை விட மாட்டார்.

"மூக்கு அரிச்சா சொல்லு, சொறிஞ்சு விடறேன்" என்பார் கழுத்தண்ணன்.

"அரிக்குதுண்ணே."

மணிக்கட்டின் பின்புறத்தால் பாறையின் மூக்கைத் தேய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் அடுத்த வேலை. படுத்திருப்பவர் சிரிக்கக் கூடாது என்று இருவருமே அதட்டுவார்கள். சிரிப்பு மூட்டுவதும் அவர்கள்தான்.

முன்துண்டு கழன்றதும் தாடை, மோவாய்க்கு அடி, காறை எலும்பு. மழித்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு, பிறகு வெறும் நீர், பிறகு காய்ந்த துணி. ஒற்றி எடுப்பார், தேய்க்க மாட்டார். பவுடர் கிடையாது. "வாசனையாத்தான் இருக்கும். உள்ள போய் மாவாட்டம் கட்டிக்கும்." எண்ணெய், களிம்பு எதுவும் கிடையாது. ஊறிய பஞ்சை எடுத்துவிட்டுக் காய்ந்த பஞ்சை வைப்பார். பிளாஸ்டிக்கின் விளிம்பைத் தாண்டிப் பஞ்சு சுற்றிலும் நீண்டிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்ப்பார். பிறகு நாலு பேர் சேர்ந்து ஆளை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்ப, பின்துண்டு. பின்னந்தலையில் ரத்தம் காய்ந்து முடி சடையாகியிருந்தால் மெஷின் வைத்து ஒட்ட நறுக்குவார்.

கடைசியாகக் கட்டைவிரல். சிவந்த இடத்தில் அழுத்தி எடுப்பார். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது, தோல் பிழைத்தது. அழுத்தியும் சிவப்பு நகராமல் நின்றால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது. அப்போது கட்டிலருகே இருந்தே குரல் கொடுப்பார்.

"சிஸ்டர், சிவப்பு!"

தலைமை நர்ஸ் பெரிய சிஸ்டர் எழுந்து வந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்: எந்த இடம், எத்தனை அகலம். 'தெரிவித்தவர்' என்ற கட்டத்தில் 'க.அ.' உடனே காலரை மாற்ற ஆள் வரும்.

இதனால் வார்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கழுத்தண்ணன் குரல் கொடுக்காவிட்டால் அந்தக் கழுத்து நலம். பின்துண்டைத் திறக்க நாலு பேர் வேண்டும். நாலு பேர் எங்கே கிடைப்பார்கள்? இடைப்பட்ட நாட்களில் நர்ஸுகள் முன்பக்கத்தை மட்டும் திறந்து துடைத்துவிட்டு, 'தோல் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள். அவர் பார்த்தால் தாங்கள் பார்த்த மாதிரி. இது நல்ல வழக்கமா என்று யாரும் யோசிக்கவில்லை. ஓடுகிற வண்டியின் அச்சாணியை யார் கழற்றிப் பார்ப்பார்கள்?

அவருக்கு ஒரே மகள். எலும்பு நோயாளிகளுக்குக் காலரும் பட்டையும் பொருத்தும் படிப்பைப் படித்தாள். முதல் வருடம் வீட்டுக்கு ஓடிவந்து, "அப்பா, தோலை அமுக்கிப் பாக்க ஒரு டெஸ்ட் இருக்குப்பா" என்றாள். "அதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காங்களா?" என்று சிரித்தார்.

படித்து முடித்து அதே ஆஸ்பத்திரிக்குக் காலர் டெக்னீஷியனாக வந்தாள். ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதன் பிறகு நிரந்தரம். முதல் நாள் இருவரும் ஒன்றாக நடந்து வந்தார்கள். வாசலில் அவர் நின்றார்.

"இந்த கேட் வரைக்கும்தான் நான் அப்பா. உள்ள போனா அப்பான்னு கூப்பிடாத. சலுகையில வந்த பொண்ணுன்னு ஒருத்தர் வாய்ல வரக் கூடாது. வார்டு விஷயம் வீட்டுக்கு வராது, வீட்டு விஷயம் வார்டுக்கு வராது. சரியா?"

"சரிப்பா."

"இப்பவே கூப்பிடறியே."

வார்டில் அவர் அவளை 'டெக்னீஷியன் அம்மா' என்று கூப்பிட்டார். அவளுக்குக் காது சிவக்கும். அவள் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"அண்ணே, உங்க பொண்ணு உங்களை எப்படித்தான் கூப்பிடும்?" என்று பாறை கேட்டார்.

"கூப்பிடாது. கண்ணைக் காட்டும், நான் போயிடுவேன். வீட்டுலயும் அவங்க அம்மா அதைத்தான் பண்றா."

அவள் வேலை சுத்தம். அதை அப்பா மட்டும் சொல்லவில்லை. பெரிய சிஸ்டரே சொன்னார். காலருக்கு உயரம் அளப்பது விரலால்தான். படுத்திருப்பவரின் தோள்மேட்டில் விரல்களை அடுக்கி, மோவாய் மட்டம் வரை எத்தனை விரல் என்று எண்ண வேண்டும். காலரின் பக்கவாட்டில் அதே அளவு இருக்க வேண்டும். சரக்கறை எதிர்க் கட்டடத்தில். போனில் "மூணு விரல்" என்றோ "நாலு விரல்" என்றோ சொன்னால் சரக்கறைக்காரர் எடுத்து அனுப்புவார்.

யாருடைய விரல்? இதை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. அவளுக்கு முன் இருந்த டெக்னீஷியனுக்கும் சரக்கறைக்காரருக்கும் ஒரே கனத்தில் கை. பதினைந்து வருடம் போனில் சொன்ன விரலும் அலமாரியில் வைத்த விரலும் பொருந்தியே வந்தன. அவளுக்கோ வெண்டைப்பிஞ்சு விரல். சரக்கறைக்காரர் நாலு விரலை ஒன்றாக வைத்தால் ஒரு சீப்பு வாழைப்பழம். அவள் சொன்ன நாலு வேறு, அவர் எடுத்த நாலு வேறு. ஆனால் அவள் காலர் வந்ததும் தன் விரலை அதன் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பாள்; பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவாள். ஐந்து மாதம் ஒன்றும் தப்பவில்லை.

ஆறாவது மாதம், ஒரு வேன் கவிழ்ந்து ஏழு பேரைக் கொண்டுவந்த நாளில், அவர்களோடு ஒரு பெயிண்டரும் வந்தார். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். அவள் அளந்தாள், போன் செய்தாள், 'பொருத்திச் சரிபார்க்கப்பட்டது' என்ற படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு அறுவை அரங்குக்கு ஓடினாள். காலர் வந்தது. பாறையும் ஒரு நர்ஸும் மாட்டினார்கள். கழுத்துக்கு ஓர் அளவு கூடுதல் உயரம்.

பெயிண்டர் வாய் ஓயாதவர். மூன்றாம் நாள் கழுத்தண்ணன் பெட்டியோடு போனபோது மேலே பார்த்தபடியே பேசினார்.

"அண்ணே, என்னை இப்படி வானம் பார்த்த பூமியாட்டம் வச்சுட்டீங்களே. உங்க சீலிங்குக்கு ஒரு கோட்தான் அடிச்சிருக்கான். ரெண்டாவது கோட்ல ஏமாத்திட்டான். பின்னாடி சுவரு வரைக்கும் தெரியுது."

பின்னாடி சுவர் தெரியக் கூடாது. தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. கழுத்தண்ணனுக்கு அங்கேயே புரிந்தது. முன்துண்டைத் திறந்தார், மோவாய்க்கு அடியில் பிளாஸ்டிக் பதிந்த கோடு. ஆளைத் திருப்பிப் பின்துண்டைத் திறந்து சடைமுடியை நறுக்கினார். பின்னந்தலையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்தினார். வெளுக்கவில்லை.

வாயைத் திறந்தார். கட்டில் காலில் தொங்கிய படிவத்தில் மகளின் கையெழுத்து தெரிந்தது. திங்கட்கிழமை அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு. இன்று வெள்ளி.

வாயை மூடிக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறை.

"என்னண்ணே?" என்றார் பாறை, தலையை ஏந்தியபடி.

"ஒண்ணுமில்லை. மூடிடலாம்."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில், மனைவி பரிமாறிக்கொண்டிருக்கும்போது, தான் போட்ட விதியைத் தானே உடைத்தார்.

"பாப்பா, அந்தப் பெயிண்டர் காலர் உசரம். பின்னந்தலையில சிவப்பு நிக்குது. உன் விரலை வச்சு மறுபடி அளந்து மாத்திடு."

"வார்டு விஷயம் வீட்டுக்கு வராதுன்னு யாரோ சொன்னாங்க."

"இன்னிக்கு ஒரு நாள்."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "நாளைக்கு அவருக்கு மறு ஸ்கேன் இருக்குப்பா. அதுக்கு எப்படியும் கழட்டணும். அப்ப மாத்திடறேன். இப்பப் போய் மாத்தினா ஏன் மாத்தினேன்னு எழுதணும்."

"திங்கக்கிழமை தாண்டட்டுமே" என்றாள் மனைவி, கரண்டியோடு. "ரெண்டு நாள்ல என்ன ஆகிடப் போகுது?"

ரெண்டு நாளில் என்ன ஆகும் என்று அந்த மேசையில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை.

மறுநாள் காலை படியிறங்கும்போது மறுபடி சொன்னார். "மறந்துடாத."

"மறக்கலைப்பா."

ஸ்கேன் மெஷின் பழுது. மறு ஸ்கேன் தள்ளிப் போனது. ஞாயிறு விடுமுறை. கழுத்தண்ணனின் அடுத்த முறை திங்கள். பெட்டியோடு போனார். கட்டிலுக்கு மூன்றடி முன்னாலேயே வாடை வந்தது. பாறை "பிடிச்சாச்சு" என்றதும் திறந்தார். சிவப்பு இருந்த இடம் கறுத்திருந்தது. ஓரம் நீர்கட்டி, நடுவில் குழி.

அன்றைக்கு அவர் "சிவப்பு" என்று கூவவில்லை. "சிஸ்டர்" என்று மட்டும் கூவினார். அந்தக் குரலுக்கே நாலு பேர் ஓடிவந்தார்கள்.

பெயிண்டரின் மனைவி ஒரே கேள்வி கேட்டாள்: "கழுத்தைக் காப்பாத்தத்தானே இதைப் போட்டீங்க? தலையை யாரு பாக்கறது?" எழுத்தில் புகார் கொடுத்தாள். விசாரணை வந்தது. மகளின் உத்தரவு விசாரணை முடியும்வரை நிறுத்தப்பட்டது.

மேல்மாடியில் கண்காணிப்பாளர் அறை. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர், நிர்வாக அதிகாரி, வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஓரத்தில் பெரிய சிஸ்டர் பதிவேட்டோடு.

"மூணாம் நாள் நீங்க பின்பக்கம் திறந்திருக்கீங்க. பதிவேட்டுல ஒண்ணும் இல்லை. அப்ப சிவப்பு இருந்துச்சா, இல்லையா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"இருந்துச்சு."

பெரிய சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, எங்கிட்ட சொல்லலையே. நீங்க சொல்லாம விட்டதே இல்லையே."

"உங்ககிட்ட சொல்லலை சிஸ்டர். அது என் தப்பு. சொல்ல வேண்டியவங்க ஒருத்தர்கிட்ட சொன்னேன்."

"யாரு?"

அவர் மேசையைப் பார்த்தார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லித் தான் தப்பிக்க வேண்டுமா? பெற்றவன் செய்கிற வேலையா அது? கதவைத் திறந்து வைத்தால் போதும், அவளே நடந்து வருவாள்.

"வருவாங்க. அவங்களே சொல்வாங்க."

"முடி வெட்டற மெஷின்ல கீறல் ஏதாவது?" நிர்வாக அதிகாரி கேட்டார்.

"என் கையில யாருக்கும் கீறல் பட்டதில்லை."

அவரை ஓரத்து நாற்காலிக்கு நகரச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டு. கையில் படிவத்தின் நகல். அப்பாவைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"காலர் அளவு?"

"நாலு விரல். படிவத்துல இருக்கு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சிவப்பு இருக்குன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

கழுத்தண்ணன் அவள் கைகளைப் பார்த்தார். வெண்டைப்பிஞ்சு விரல்கள் தாளின் ஓரத்தை மடித்து மடித்து நீவின.

"பதிவேட்டுல எதுவும் இல்லை சார்."

"பதிவேட்டைக் கேக்கலை. வாயால யாராவது?"

"இல்லை சார். சவரம் செய்யற ஊழியர் எனக்கு எதுவும் தெரிவிக்கலை."

சவரம் செய்யற ஊழியர். அப்பா என்று கூப்பிடாதே என்று அவர்தான் சொன்னார். அதற்குப் பதிலாக என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. அதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னேன்னீங்களே, அந்த ஆள் யாரு?"

"யாரும் இல்லை சார்" என்றார் கழுத்தண்ணன்.

விசாரணை முடிவுத் தாள் மூன்று பக்கம். கடைசிப் பத்தியில், மூன்றாம் நாள் மெஷின் பட்டுத் தோல் சேதமாகியிருக்கலாம் என்றும், சிவப்பைக் கண்டும் ஊழியர் தெரிவிக்கத் தவறினார் என்றும் இருந்தது. அவர் வேலை முடிந்தது. பெட்டியைப் பாறை வாசல்வரை தூக்கி வந்தார். மூக்கு அரித்ததோ என்னவோ, தோளில் தேய்த்துக்கொண்டார்.

அன்று மகள் வீட்டுக்கு வரவில்லை. ஊழியர் விடுதியில் தங்கிவிட்டாள். மனைவி தட்டு வைத்தாள்.

"நீ இங்கதானே நின்னே, நான் சொன்னப்ப?"

"நின்னேன்."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு." கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு இன்னும் நாலு வருஷ வேலை. அவளுக்கு முப்பது வருஷம். நான் என்ன பண்ணட்டும்? எந்தக் கண்ணைக் குத்திக்கட்டும்?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டதுதான்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவர் தட்டை நகர்த்தாமல் சாப்பிட்டு முடித்தார். மறுநாளிலிருந்து அந்த மேசையில் அவர் உட்காரவில்லை. ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டு ஒரு சலூன் வைத்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? காத்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், இவர் காதில் விழட்டும் என்றே, "ஆஸ்பத்திரியில கழுத்தறுத்தவர் இவர்தானாம்" என்றார். கழுத்தண்ணன் கண்ணாடியிலேயே அவரைப் பார்த்து, "பயமா இருந்தா தாடியை வளர்த்துக்குங்க. முகத்துக்கும் அதுதான் நல்லது" என்றார். கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் வருடம் பெயிண்டர் வந்தார். நடந்தே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணே, பின்னாடி அந்த இடத்துல முடியே வரலை. கொஞ்சம் மறைச்சு வெட்டுங்க" என்றார்.

"நான் கீறித்தான் வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. எங்கிட்டயே தலையைக் குடுக்கறீங்களே."

"படுத்துக்கிட்டு இருந்தா கண்ணுதான் மேல பாக்கும். தோலு எல்லாத்தையும் பாக்கும். நீங்க அமுக்கினீங்க, அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம நின்னீங்க. எனக்குத் தெரியும்." கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தார். "என்னை யாரும் கேக்கலைண்ணே."

கழுத்தண்ணனின் கத்தரிக்கோல் நின்றது. "சொல்லாம விட்டேன்ல. அதுக்கு நீங்க என்னைத் திட்டணும்."

"திட்டணும்தான். முதல்ல முடியை வெட்டுங்க."

மகள் நிரந்தரமானாள். பிறகு பிரிவுத் தலைமைக்கு வந்தாள். அவளைப் பற்றிய செய்தி பாறை வழியாக வந்துகொண்டிருந்தது. போனில் விரல் எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டாளாம். ஒரே அளவில் பிளாஸ்டிக் அளவுகோல் வெட்டி வார்டில் ஒன்று, சரக்கறையில் ஒன்று மாட்டியிருக்கிறாளாம். பின்துண்டைத் தினம் ஒரு முறை நாலு பேர் சேர்ந்து திறந்தே ஆக வேண்டுமாம். 'பார்க்கப்பட்டது' என்ற டிக் கட்டத்தையே எடுத்துவிட்டு, என்ன நிறம், அழுத்தினால் வெளுத்ததா என்று எழுதச் சொல்கிறாளாம். இப்போதெல்லாம் அங்கே படுக்கைப்புண்ணே இல்லையாம்.

"எல்லாத்தையும் திருத்திட்டாண்ணே" என்றார் பாறை.

"ஒரு தாளைத் தவிர."

வீட்டுக்கு வருவாள். அம்மாவுக்கு மாத்திரை, ஜன்னலுக்குத் திரை வாங்கி வருவாள். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பார். பதினொரு வருடம் அவர்களுக்குள் ஓடியது அந்த இரண்டு சொற்கள்தான். அவள் அந்தப் பேச்சை எடுப்பாள் என்று அவர் காத்திருக்கவில்லை என்றால் பொய். ஒவ்வொரு முறை அவள் செருப்பைக் கழற்றும்போதும் அவர் தலை நிமிர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவள் திரையைப் பற்றிப் பேசினாள்.

பதினோராம் வருடம், சலூன் கண்ணாடியின் மேல்விளிம்பைத் துடைக்க ஸ்டூலில் ஏறியவர் மல்லாந்து விழுந்தார். கழுத்தில் இரண்டாவது எலும்பு உடைந்தது. வயதுக்கு அறுவை வேண்டாம், பன்னிரண்டு வாரம் காலர் என்றார்கள். அதே வார்டு. வேறு கட்டில். சீலிங்குக்கு இரண்டாவது கோட் அடித்திருந்தார்கள்.

தலைமாட்டில் பாறை வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. முழங்கையை ஊன்றி, "பிடிச்சாச்சுண்ணே" என்றார். குரல் உடைந்தது. கை அசையவில்லை.

பிறகு அவள் வந்தாள். கையில் அளவுகோல் இருந்தது. ஆனால் முதலில் விரல்களைத்தான் அவர் தோளில் வைத்தாள்.

"எத்தனை?" என்றார் அவர், மேலே பார்த்தபடி.

"மூணு."

"யாரோட விரல், டெக்னீஷியன் அம்மா?"

அவள் கை அங்கேயே நின்றது. ஒரு காலத்தில் இந்த அழைப்புக்குக் காது சிவக்கும். இப்போது முகம் வெளுத்தது. அளவுகோலை எடுத்து வைத்து அளந்தாள். காலர் வந்ததும் மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அளந்தாள்.

அவர் கழுத்தை அவள் வேறு யாரிடமும் விடவில்லை. தினம் இரண்டு முறை, பாறை தலை பிடிக்க, அவளே திறந்தாள். அவளே மழித்தாள். முதல் நாள் மோவாயில் இரண்டு முடி விட்டுப் போனது. "இடது பக்கம்" என்றார் அவர், அவ்வளவுதான். சோப்பு, நீர், காய்ந்த துணி. ஒற்றினாள், தேய்க்கவில்லை. பஞ்சின் விளிம்பில் விரலை ஓட்டினாள். கட்டைவிரலால் அழுத்தி, வெளுப்பதைப் பார்த்து, திரும்பச் சிவப்பதைப் பார்த்து எழுதினாள்.

ஆறாம் நாள், முன்துண்டு திறந்திருக்கும்போது அவர் கேட்டார். "நான் சொன்னேனா, இல்லையா?"

பாறையின் கண்கள் சுவரைப் பார்த்தன. கை தலையில் இருந்தது. அவர் எங்கும் போக முடியாது.

"சொன்னீங்கப்பா" என்றாள். அந்த வார்டில் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"இங்க சொல்லி என்ன? எனக்குத் தெரியாததா? மேல போய்ச் சொல்லு."

"சொல்றேன்பா."

"எப்ப?"

அவள் துணியைப் பிழிந்தாள். "முதல்ல உங்களுக்குக் காலர் கழறட்டும். நீங்க எழுந்து உட்காருங்க. அப்புறம் நானே போய்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று ஸ்கேன் வரட்டும், இன்று காலர் கழறட்டும். குரல்கூட மாறவில்லை.

"மூடிடு" என்றார்.

அதன் பிறகு அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலரோடு மல்லாந்து விழுங்கச் சிரமம். நீர் நெஞ்சுக்குப் போனது. எட்டாம் நாள் சளி, காய்ச்சல். ஒன்பதாம் நாள் மதியம், மனைவி கையைப் பிடித்திருக்க, மூச்சு நின்றது. கடைசி மூன்று நாளும் அவர் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கும் பார்க்கக் காலர் விடாது. விட்டிருந்தாலும் அவள் பக்கம் பார்த்திருப்பாரா என்று சொல்ல முடியாது.

பாறை பழக்கத்தில் தலையைப் பிடித்தார். அவள் வெல்க்ரோவை எடுத்தாள். முன்துண்டு, பிறகு பின்துண்டு. மோவாய்க்கு அடியில், காறை எலும்பில், காதுக்குப் பின்னால், பின்னந்தலையில் எங்கும் ஒரு கோடு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. தோல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடலாமா?" என்று பாறை கேட்டார். இரண்டு முறை கேட்ட பிறகுதான் தலையசைத்தாள்.

அவர் இறந்த நாலாம் நாள் அவள் மேல்மாடிக்குப் போனாள். கண்காணிப்பாளர் மாறியிருந்தார், நிர்வாக அதிகாரியும் வேறு. பழைய கோப்பைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் எழுதிக் கொண்டுபோன ஒரு பக்கத்தை அதிகாரி படித்தார். திரும்பவும் படித்தார்.

"இதைக் குடுத்தா உங்க மேல நடவடிக்கை வரும். தெரியுமில்லை?"

"தெரியும்."

"அவருக்கு இனிமே இதனால என்னம்மா பிரயோஜனம்?"

அவள் தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அதிகாரி பேனாவை எடுத்தார்.

"சரி. சவரம் செய்த ஊழியர் உங்களுக்குத் தெரிவிச்சாரா?"

"அப்பா" என்றாள். "எங்கப்பா தெரிவிச்சார்."

"எப்ப?"

"மூணாம் நாள் மாலை, சாப்பாட்டு மேசையில. அம்மா இருந்தாங்க. மறுநாள் காலையில படியில. ரெண்டு தடவை சொன்னார்."